புஸ்வாணம்!

இருபத்தைந்து வயசுப் பையன்களுக்கு மட்டும் விசேஷமாகக் கேட்கிற சில சத்தங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலிடம் 'புஸ்ஸ்ஸ்'ஸுக்கு. டர்போ வைத்த பெட்ரோல் கார் ஒன்று விரட்டிக்கொண்டு வந்து, கியர் மாற்றுவதற்காக டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வருமே, அதுதான். நமக்கு யாரோ பக்கத்து பெட்டிக்கடையில் சோடா உடைத்த மாதிரி இருக்கும். அவர்களுக்கு அது நாதஸ்வரம்.

என் மச்சினன் இந்த நாதஸ்வரத்துக்காகவே ஒரு கார் வாங்கினான். செகண்ட் ஹாண்ட். ஆறு லட்சத்து இருபதாயிரம், அதில் ஐந்து லட்சம் பேங்க் கடன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரின் மேல் தப்பே இல்லை என்பது பிற்பாடு தெரியவந்த விஷயம். விற்றவரும் இவனைப் போல ஒரு பையன்தான். "ப்ரோ, கார் விலை தனி. சவுண்டுக்கே இருபதாயிரம் செலவு பண்ணியிருக்கேன், அதை நான் கணக்குலயே சேர்க்கலை" என்று சொல்லி, ஓர் உறுமல், ஒரு 'புஸ்' போட்டுக் காட்டியிருக்கிறார். பேரம் அத்தோடு முடிந்தது.

"சத்தம் போடறதுக்குக் காசு குடுத்து வாங்கணுமா? நம்ம வீட்ல ஆள் இல்லையா?" என்று கேட்டார் என் மாமனார், மாமியார் இருந்த திசையைப் பார்க்காமல்.

முதல் நாலு மாசம் தேனிலவு. தெரு முனையில் 'புஸ்' கேட்டால் என் மனைவி காபிக்குப் பால் வைத்துவிடுவாள், தம்பி வருகிறான் என்று. ஐந்தாவது மாசம் பால் பொங்கி வழிந்த பிறகும் ஆள் வரவில்லை. சத்தம் வந்தது, ஆனால் அது 'புஸ்' இல்லை. ஜலதோஷம் பிடித்தவன் மூக்கைச் சிந்துகிற மாதிரி ஒரு 'ஸ்ர்ர்ர்'. சிக்னலில் நின்றால் கார் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. மைலேஜ் பதினாலிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர்கள் கரும்புகையைக் கையால் விலக்கியபடி அவனுடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

அவனும் சும்மா இருக்கவில்லை. பங்க்கை மாற்றினான். விலை உயர்ந்த பெட்ரோல் போட்டான். அதில் ஊற்ற ஒரு சின்ன பாட்டில் திரவம் வாங்கி ஊற்றினான். மாமியார் தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்து முன் பம்பரில் கட்டினார். எதற்கும் கார் மசியவில்லை.

இதுவரை தமாஷ். அதற்கப்புறம் நடந்தது தமாஷ் இல்லை.

அவன் மனைவிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். திண்டிவனம் தாண்டி செஞ்சி ரோட்டில் திரும்பியாயிற்று. நடுவில் தடுப்பு இல்லாத ரோடு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், இரண்டு பக்கமும் மீசை முறுக்கிக்கொண்டு போகிறது. எதிரே ஒரு பஸ், நல்ல தூரத்தில். அந்தக் காருக்கு வழக்கமாக அந்தத் தூரம் தாராளம். வலது பக்கம் எடுத்து மிதித்திருக்கிறான். கார் கொட்டாவி விட்டிருக்கிறது. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. டிராக்டரின் பின் சக்கரத்துக்கு நேராக வந்து அப்படியே நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. பஸ் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. புத்திசாலித்தனமாக பிரேக்கை அழுத்தி மறுபடி டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறான். பஸ் ஹாரனை அழுத்தியபடியே உரசிக்கொண்டு போனது.

அந்தப் பெண் செஞ்சி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "இனிமே இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். பொறக்கப் போறதையும் ஏத்த மாட்டேன்."

மறுநாளே சென்னை திரும்பி ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் விட்டான். ஏ.சி., கண்ணாடிக் கதவு, காபி மெஷின் எல்லாம் இருக்கிற வொர்க்‌ஷாப். ஒரு டேப்லெட்டை எடுத்து வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, 'பி-0299' என்று ஒரு கோடு வருவதைக் காட்டினார்கள். "டர்போ போயிடுச்சு சார். மாத்திடலாம்." டர்போ, கேஸ்கெட், ஆயில், லேபர், வரி என்று எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். சொச்சத்தை வேண்டுமானால் தள்ளுபடி செய்வதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார்களாம்.

நான் பி.காம். எனக்கு இன்ஜின் தெரியாது, ஆனால் எஸ்டிமேட் படிக்கத் தெரியும். பி-0299 என்றால் என்ன என்று பார்த்தேன். 'டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் குறைகிறது' என்பதுதான் அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். ஏன் குறைகிறது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று தெரிவதற்கும், எந்த லெட்ஜரில் எந்த என்ட்ரி விட்டுப்போயிற்று என்று தெரிவதற்கும் நடுவில் ஓர் இரவு முழுக்க விழித்த அனுபவம் எங்கள் ஜாதிக்கு உண்டு. டேலி ஆகவில்லை என்பதற்காக ஆபீஸையே இடித்துக் கட்ட மாட்டோம்.

அதற்குள் மச்சினன் வேறு ஒரு கணக்குப் போட்டிருந்தான். வளைகாப்புக்குப் போட்ட தங்க வளையல் நாலு. "அடகுதானே வைக்கிறேன், விக்கவா போறேன்?" என்று அக்காவிடம் போனில் கேட்டிருக்கிறான். என் மனைவி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க கூடப் போங்க. அவனைத் தனியா விட்டா வளையலையும் வித்துட்டு, புதுசா ஒரு ஹாரனும் மாட்டிட்டு வருவான்."

ராயப்பேட்டையில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு பாய். என் பழைய ஸ்கூட்டருக்குப் பத்து வருஷமாக உயிர்ப்பிச்சை போட்டு வருகிறவர். அவருடைய ஷெட்டுக்குள் இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது காரின் மூக்கு மட்டும் சந்தில் இருக்கும். காபி மெஷின் கிடையாது. பக்கத்துக் கடை டீ உண்டு.

எஸ்டிமேட்டை நீட்டினேன். பாய் அதை வாங்கிப் படிக்காமல், மடித்து, காரின் கண்ணாடியில் சொருகினார். "தம்பி, இன்ஜின் ஆறட்டும். டீ சாப்பிடுங்க."

ஆறிய பிறகு டர்போவுக்குக் காற்றுப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே சின்ன மின்விசிறி மாதிரி இறக்கைகள். அதன் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மெள்ள ஆட்டினார். பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடியது. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பார்த்தீங்களா சார்? பக்கவாட்டுல கொஞ்சம் ஆடணும், அது ஆயில் படலத்துல மிதக்கிற சாமான். முன்னாடி பின்னாடி ஆடினாத்தான் ஆபத்து. ரெக்கை எதுவும் ஒடையலை, ஓரம் உரசலை. டர்போ நல்லா கல்லு மாதிரி இருக்கு."

அந்த ஆயில் படலத்தின் மேல் அந்தச் சின்ன அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், சில டர்போக்கள் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடும் என்று பிற்பாடு படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் இன்ஜினின் கழிவுப் புகை, கிட்டத்தட்ட தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டில் வந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அள்ளி அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகப் போகிற புகையை வேலை வாங்குகிற இந்த யோசனைக்கு ஆல்ஃப்ரெட் பூஷி என்கிற சுவிஸ் இன்ஜினீயர் 1905-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். விற்பனைக்கு வந்த காருக்குள் அது நுழைய 1962 ஆயிற்று. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார். அதில் பெட்ரோலைத் தவிர, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை வேறு ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால் டர்போ தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜனங்கள் மறந்தார்கள். கம்பெனிக்காரர்கள் டர்போவையே கழற்றிக் கொடுக்கும்படி ஆயிற்று. ஆக, டர்போ வைத்திருக்கிறவர்களின் கஷ்டத்துக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு.

பாய் குழாயைத் தடவிக்கொண்டே போனார். பாதி வழியில் ஓர் இடத்தில் கை நின்றது. நீல நிறத்தில், பளபளவென்று, சின்ன சொம்பு சைஸில் ஓர் அலுமினியச் சாமான்.

"இது யாரு மாட்டினது?"

மச்சினன் முகத்தில் பெருமை பொங்கியது. "அதுதான் பாய் ப்ளோ-ஆஃப் வால்வு! இம்போர்ட்டட்! அதுலேர்ந்துதான் 'புஸ்' வரும்!"

பாய் ஒன்றும் சொல்லாமல் அந்த வால்வின் வாயில் சுண்டுவிரலை விட்டார். விரல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாக மை.

"இன்ஜின் நின்னுட்டிருக்கு. இப்ப இது மூடியிருக்கணும். என் விரல் உள்ள போகக் கூடாது. பாதி தொறந்த மானிக்கு மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க மிதிக்க மிதிக்க, டர்போ அடிக்கிற காத்தெல்லாம் இப்படியே வெளியே போயிட்டிருக்கு. வண்டி எங்கேருந்து போவும்?"

இந்த வால்வு எதற்கு என்று அவர் விளக்கியதை நான் சினிமா தியேட்டருக்கு மாற்றிச் சொல்கிறேன், எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

முதல் நாள், முதல் காட்சி. பின்னாலிருந்து கூட்டத்தை நெட்டித் தள்ளுகிறவன்தான் டர்போ. முன்னால் இருக்கிற கேட் த்ராட்டில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேட் திறக்கும், கூட்டம் உள்ளே பாயும். திடீரென்று காலை எடுக்கிறீர்கள், கேட் படாரென்று மூடிக்கொள்கிறது. பின்னால் தள்ளுகிறவனுக்கு அது தெரியாது. அவன் பாட்டுக்குத் தள்ளுகிறான். முன்னால் போன கூட்டம் கேட்டில் மோதித் திரும்பி, தள்ளுகிறவன் மேலேயே வந்து விழுகிறது. காரில் இதுதான் 'சர்ஜ்'. லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தை, காற்று எதிர்த் திசையில் அறைகிறது. புறா இறக்கை அடிப்பது போல 'சுட்டுட்டுட்டு' என்று கேட்கும்.

இந்த ரகளை நடக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்ன கதவு. கேட் மூடுகிற அதே கணத்தில் அது திறந்து கூட்டத்தை வெளியே விடும். அந்தப் பக்கக் கதவுதான் ப்ளோ-ஆஃப் வால்வு. அதற்கு யார் சொல்கிறார்கள் என்றால், இன்ஜினின் உறிஞ்சு பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வால்வின் தலைக்கு வருகிறது. கேட் மூடியதும் இன்ஜின் பக்கம் காற்றில்லாமல் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் ஹோஸ் வழியாக வால்வுக்குள்ளிருக்கும் பிஸ்டனை மேலே இழுக்கிறது. கேட் திறந்திருக்கும்போது பிஸ்டனுக்கு மேலும் கீழும் ஒரே அழுத்தம், ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும். மின்சாரம் கூட வேண்டாம்!

இதைக் குக்கர் வெயிட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், படித்தவர்கள் உள்பட. குக்கர் வெயிட் உள்ளே அழுத்தம் அதிகமானால் திறக்கும். டர்போவில் அந்த வேலையைச் செய்வது 'வேஸ்ட்கேட்', அது புகைப் பக்கம் இருக்கிறது, ஆளே வேறு. ப்ளோ-ஆஃப் வால்வு காலை எடுத்தால் மட்டும் திறக்கும். இன்னொன்று. நெடுஞ்சாலையில் லாரி விடுகிற 'புஸ்' இருக்கிறதே, அது பிரேக்குக்கான காற்று, டர்போவின் பெருமூச்சு இல்லை. டீசல் இன்ஜினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை டீசல் அளவைக்கொண்டே நடக்கிறது. பெட்ரோல் இன்ஜின் மாதிரி கேட்டைப் படாரென்று சாத்துகிற வழக்கம் அதில் இல்லை. அதனால் பொதுவாக இந்த வால்வும் இல்லை. டீசல் காரில் 'புஸ்' வரவழைக்கச் சிலர் தனியாக ஒரு சாதனம் மாட்டிக்கொள்கிறார்கள். ஊமைப் படத்துக்குப் பின்னணி இசை! நான் குறுக்கே நிற்கவில்லை.

பாய் வால்வைக் கழற்றினார். ஹோஸ், கிளிப்பு, இரண்டு ஸ்குரூ. பெஞ்சில் வைத்து ஆலன் கீயால் தலையைத் திறந்தபோது, உள்ளிருந்த ஸ்பிரிங் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் எகிறி, ஒரு புல்லட்டின் அடியில் போய்ப் படுத்தது. "எப்பவும் ஒரு கையால அமுக்கிக்கிட்டே தொறக்கணும்" என்று பாய் பையனுக்குப் பாடம் சொன்னார், ஸ்பிரிங் போன பிற்பாடு.

பிஸ்டன் வர மறுத்தது. மரக்கட்டையால் நாலு செல்லத் தட்டு தட்டியதும் வந்தது. அதைச் சுற்றிக் கறுப்புத் தார் மாதிரி ஒரு பூச்சு. இன்ஜினிலிருந்து கசிகிற எண்ணெய் ஆவி குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். வால்வின் வாய் வெளியே பார்த்துத் திறந்திருந்ததால் நம் சென்னைத் தூசியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் சூட்டில் வெந்து, சட்டியில் அடிப்பிடித்த அல்வா பதம். போதாதற்கு விற்ற பையனோ அவருடைய மெக்கானிக்கோ மாட்டும்போது தாராளமாக கிரீஸ் வேறு அப்பியிருந்தார்கள். கிரீஸ் காய்ந்து பசையாகிவிட்டது.

"இதுக்கு கிரீஸே ஆகாது சார். வழுக்கறதுக்குப் போடுவானுங்க, அது தூசியைக் கூப்ட்டு உக்கார வைக்கும்."

முதலில் ஓ-ரிங்குகளைக் கழற்றித் தனியே வைத்தார். சுத்தம் செய்கிற ஸ்ப்ரே சில வகை ரப்பரை ஊதவைத்துவிடுமாம். பிரேக் கிளீனரை அடித்து, பழைய பனியன் துணியால் துடைத்தார். மறுபடி அடித்தார், துடைத்தார். பொறுமையிழந்த மச்சினன் எமரி பேப்பரை எடுத்துக் கொடுத்தபோது பாய் கையைத் தட்டிவிட்டார். எமரியால் தேய்த்தால் கோடு விழும், கோடு விழுந்தால் அதன் வழியே காற்றுக் கசியும், மறுபடி அதே கதை. ஓ-ரிங் ஒன்று வெடித்திருந்தது. ஷெட்டுப் பையன் சைக்கிளில் போய் நாற்பது ரூபாய்க்குப் புதுசு வாங்கி வந்தான். மாட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விரலில் தொட்டுத் தடவினார்.

அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். மருந்துக் கடையில் வாங்கிய ஒரு பெரிய சிரிஞ்சை வால்வின் தலைக் குழாயில் சொருகி இழுத்தார். பிஸ்டன் மெதுவாக மேலே போயிற்று. இழுத்த மானிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பிஸ்டனும் நின்றது, இறங்கவில்லை. கசிவு இல்லை என்று அர்த்தம். சிரிஞ்சை எடுத்தார். 'டக்!' வாய் மூடிக்கொண்டது. ஊசி இல்லாத அந்த சிரிஞ்சுதான் லட்ச ரூபாய் கம்ப்யூட்டருக்குத் தெரியாததைச் சொன்னது. இருபத்தைந்து ரூபாய்.

பழைய ரப்பர் ஹோஸை மடக்கிக் காட்டினார். மடக்கின இடத்தில் சன்னமான வெடிப்பு. "வால்வு நல்லா இருந்து இந்த ஓஸு ஓட்டையானாலும் அதே கம்ப்ளைன்ட்டுதான். பல பேரு வால்வை மாத்திக்கிட்டே இருப்பான், ஓஸைத் தொட மாட்டான்." அதையும் மாற்றினார்.

மறுநாள் விடியற்காலை, போக்குவரத்து இல்லாத நேரம். மச்சினன் ஓட்ட, பாய் பக்கத்தில், நான் பின் ஸீட்டில். மெரினா ரோட்டில் இரண்டாவது கியரில் மிதித்தான். முதுகு ஸீட்டோடு ஒட்டியது. காலை எடுத்தான். 'புஸ்ஸ்ஸ்!'

அவன் கண்ணில் தண்ணீர். நிஜமாகவே.

"சரி" என்றார் பாய். "இதைக் கழட்டிட்டு ஒரிஜினல் வால்வு மாட்டிடலாம்."

ஒரு நிமிஷம் காரில் யாரும் பேசவில்லை.

"பாய்... இப்பத்தான் சரியாயிடுச்சே!"

"ஒரு வருசம் கழிச்சு மறுபடி மாட்டிக்கும் தம்பி. அப்பவும் டிராக்டர் முன்னாடி போவும்."

தியேட்டருக்கே மறுபடி வருகிறேன். இந்தக் காரில் வாசலில் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே வருகிற காற்றை எண்ணுகிறார். ஏர் ஃப்ளோ சென்சார். நூறு பேர் என்று அவர் சொன்னால், கம்ப்யூட்டர் நூறு பேருக்குச் சமையல் செய்யும். கம்பெனி வைத்த வால்வு, பக்கக் கதவால் வந்த கூட்டத்தை மறுபடி வரிசையின் வாலிலேயே கொண்டு போய் விடும். எண்ணிக்கை மாறாது. இந்த நீலச் சொம்போ கூட்டத்தைத் தெருவில் விட்டுவிடுகிறது. சமையல் நூறு பேருக்கு, சாப்பிட எழுபது பேர். மிச்சம் வீண் பெட்ரோல், கரும்புகை, அழுக்கேறிய ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு 'புஸ்'ஸுக்கும் துளித்துளியாக இந்த நஷ்டம். வால்வு மாட்டிக்கொண்டால் முழு நேர நஷ்டம். காற்றுப் போதவில்லையே என்று டர்போ வேறு தன் சக்திக்கு மீறிச் சுற்றும். சும்மா நிற்கும்போது அதே ஓட்டை வழியாக, ஏர் ஃபில்ட்டரைப் பார்க்காத தூசிக் காற்று நேரே இன்ஜினுக்குப் போகும். (காற்றை எண்ணாமல் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களும் உண்டு. அவற்றில் வெளியே விட்டாலும் கணக்குக் கெடாது. உங்கள் கார் எந்த ரகம் என்று தெரியாமல் சொம்பு வாங்க வேண்டாம்.)

சட்டம் வேறு இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மச்சினனுக்குச் சட்டம் உறைக்கவில்லை. டிராக்டர் உறைத்தது. மெரினாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்.

"மாமா, ஒரிஜினல் மாட்டினா சத்தமே வராதா?"

"உள்ளுக்குள்ள வரும் மாப்ளே. உனக்கு மட்டும் லேசா கேக்கும்."

"போதும்" என்றான்.

ஒரிஜினல் வால்வைத் தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தோம். புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும். நாம் தேடுவதைத் தவிர. ஒரு கடையில் நம் வால்வு மாதிரியே ஒன்று காட்டினார்கள், அட்டைப் பெட்டியில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர், அதிலேயே ஓர் எழுத்துப் பிழை. கடைசியில் முறையான பார்ட்ஸ் கடையில் பார்ட் நம்பரைக் கொடுத்து ஆர்டர் செய்து, எட்டு நாளில் வந்தது. ஐயாயிரத்து நானூறு. கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே ரப்பர் டயஃப்ரம். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. பழைய மெக்கானிக், திரும்பும் குழாயின் வாயை ஒரு ரப்பர் மூடியால் அடைத்து, டை போட்டுக் கட்டியிருந்தார். அதைப் பிடுங்கிவிட்டுப் புது வால்வை அங்கே சேர்த்தார் பாய்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்வதால் பாய் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் வகையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. டயஃப்ரம் வகையில் எண்ணெயும் கூடாது, ஸ்ப்ரேயும் கூடாது, ரப்பர் கிழிந்தால் தூக்கிப்போட்டுப் புதுசு. மின்சாரத்தில் திறக்கிற வகையும் இருக்கிறது, புதிய கார்களில் அதுதான் அதிகம். அதில் கனெக்டரைப் பார்க்கலாம், மற்றபடி நாம் கை வைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் ஹோஸை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுவதும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்ததும் சாவியைத் திருகாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுவதும் டர்போவுக்கு. அந்தச் சூட்டில் ஆயில் ஓட்டம் நின்றால், தேங்கிய ஆயில் அச்சிலேயே கரியாகிவிடும். 'சுட்டுட்டுட்டு' கேட்டால் வால்வு மூடினபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே டர்போ உடைந்துவிடாது. அதற்காக மாசக்கணக்கில் ரசித்துக்கொண்டும் இருக்க வேண்டாம்.

மொத்தச் செலவு, பாயின் கூலி, ஓ-ரிங், ஹோஸ், சிரிஞ்சு, ஒரிஜினல் வால்வு, மூன்று நாள் டீ உள்பட, ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து. எஸ்டிமேட்டில் தள்ளுபடி செய்வதாகச் சொன்ன சொச்சம் எவ்வளவென்று பார்க்கலாமென்று தேடினேன். பாய் அந்தத் தாளைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, கை துடைத்துவிட்டிருந்தார்.

வளையல் நாலும் செஞ்சியில் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தன. ஒன்பதாம் மாசம் செக்கப்புக்காகத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தபோது, யாரும் கேட்காமலேயே வந்து முன் ஸீட்டில் உட்கார்ந்தாளாம். "போலாம். ஆனா மெதுவா" என்று மட்டும் சொன்னாளாம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

மச்சினன் இப்போது போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறான். ஆயில் எத்தனை கிலோமீட்டரில், ஹோஸ் எத்தனை மாசத்தில், ஏர் ஃபில்ட்டர் எப்போது என்று எல்லாம் இருக்கிறது. முன் பம்பரில் எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் தொங்குகிறது. அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மாமியாரைத்தான் கேட்க வேண்டும். வண்டி சரியானதற்குக் காரணம் அதுதான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.